தூக்கிய கால் சுற்றும், ஊன்றிய கால் நிற்கும்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்க அண்ணன் பழைய மாருதி ஜிப்ஸி ஜீப் ஒன்றை வாங்கி டயர் மாற்றி, உயரம் கூட்டி, முன்னால் கயிறு சுற்றி இழுக்கிற வின்ச் எல்லாம் மாட்டிவிட்டார். போட்டிக்குப் போகிற ஆசை. போன மாதம் ஒரு ஓடையைத் தாண்டும்போது ஒரு பக்க முன்சக்கரமும் மறுபக்கப் பின்சக்கரமும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டன. தூக்கிய இரண்டும் விர்ரென்று சுற்றின. பாறையில் அழுத்தமாக நின்ற இரண்டும் அசையவே இல்லை. டிராக்டர் வந்துதான் இழுத்தது. நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் பலம் போகிறது என்றால் இது எப்படி சார்?”

இதற்கு ஊரெல்லாம் ஒரு பதில் சொல்வார்கள்: “தண்ணி பள்ளத்தைத் தேடி ஓடுற மாதிரி, இன்ஜின் பலம் லேசா சுத்துற சக்கரத்துக்கே ஓடிடும்.” கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தப்பு. அன்றைக்கு அந்தரத்தில் இருந்த சக்கரத்துக்கும் பாறையில் நின்ற சக்கரத்துக்கும் கிடைத்த திருப்புவிசை ஒரே அளவுதான். அப்படிச் சமமாகப் பங்கு போட்டதால்தான் வண்டி நின்றது.

வண்டி கட்டுகிறவர்கள் முதலில் கை வைப்பது கண்ணுக்குத் தெரிகிற இடங்களில். ஆழப் பல் வைத்த மட் டயர் போடுவார்கள், காற்றைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கி டயரைத் தரையில் படுக்கவிடுவார்கள். இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்கும் குழாயான ஸ்நார்கெல் வைப்பதும் நியாயம்தான். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, இன்ஜினுக்குள் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டி உருண்டால் ரோல் கேஜ் என்ற இரும்புக் கூண்டு உயிர் காக்கும். ஒன்று மட்டும் பலருக்குத் தெரியாது. இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே முழு அச்சு இணைக்கிற வண்டியில் ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் உயர்வது உடம்புதான். அச்சின் நடுவில் பூசணிக்காய் போலத் தொங்கும் அந்த உருண்டை இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்தச் சுலபமான வழி பெரிய டயர்தான். அந்தப் பூசணிக்காய்க்குள் இருப்பதுதான் டிஃபரன்ஷியல். வாசகரின் அண்ணன் தொடாமல் விட்டதும் அதைத்தான்.

அது எதற்கு இருக்கிறது? திரும்புவதற்கு. வண்டி வளையும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. இவ்வளவும் எட்டாம் வகுப்பிலேயே தெரிந்தது. எவ்வளவு அதிகம் என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு. ஜிப்ஸியின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே சுமார் 1.3 மீட்டர். வத்தல்மலை ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் அரைவட்டம் திரும்பினால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 3.14 × 1.3, அதாவது ஏறக்குறைய 4 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. வளைவு குறுகலோ அகலமோ, அந்த 4 மீட்டர் மாறாது. ஆரம் கணக்கில் அடிபட்டுப் போய்விடும், தாளில் போட்டுப் பாருங்கள். 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரின் சுற்றளவு 2.2 மீட்டர். ஆக ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் ஒரு சக்கரம் மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கியிருந்தால் அவ்வளவு தூரமும் ரப்பர் தாரில் தேய்ந்துகொண்டே வரும்.

பிரான்சில் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற கடிகாரத் தொழிலாளி 1827-இல் நீராவி வண்டிக்காக இதற்கு ஒரு வழி செய்தார். பெட்ரோல் கார் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பு. அதே வழிதான் இன்றும் உங்கள் வீட்டுக் காரில் ஓடுகிறது.

நான் அதை முதன்முதலில் கையால் தொட்டுப் பார்த்தது ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு பட்டறையில். ஆண்டுக்கணக்கில் கரும்பலகையில் வரைந்து பாடம் எடுத்தவன், கையில் கிரீஸ் படாமலே ஓய்வு பெற்றுவிட்டேன். போட்டி வண்டி ஒன்றின் பின் அச்சைத் தனியாகக் கழற்றி இரண்டு ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்தார் மெக்கானிக். நடுவில் வருகிற தண்டை அவர் அசையாமல் பிடித்துக்கொண்டார். “சார், இந்தப் பக்கச் சக்கரத்த முன்னால சுத்துங்க. கண்ணு அந்தப் பக்கம் இருக்கட்டும்.”

சுற்றினேன். எதிர்ப்பக்கச் சக்கரம் அதே வேகத்தில் பின்னோக்கிச் சுற்றியது. நிறுத்தினால் அதுவும் நின்றது. திருப்பிச் சுற்றினால் அது முன்னே வந்தது. கூட இருந்த பையன்கள் சிரிக்கிற அளவுக்குப் பத்துப் பதினைந்து தடவை சுற்றியிருப்பேன்.

மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது இவ்வளவுதான். இன்ஜினிலிருந்து வரும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுனோடு போல்ட் போட்டு ஒரு இரும்புக் கூடு. கூட்டின் குறுக்கே ஒரு பின். அந்தப் பின்னில் சும்மா சுழலும்படி சின்னச் சின்ன ஸ்டார் பினியன்கள். அவற்றின் இடப்பக்கம் ஒரு சன் கியர், வலப்பக்கம் ஒரு சன் கியர். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஷாஃப்ட் சக்கரத்துக்குப் போகிறது.

இப்போது அந்த ஸ்டார் பினியன் ஒன்றை மட்டும் பாருங்கள். நடுவில் பின் அதைத் தள்ளுகிறது. ஒரு ஓரத்தில் இடது கியரின் பல், எதிர் ஓரத்தில் வலது கியரின் பல். இதை நம் ஊரில் பார்த்திருக்கிறோம். ஏர் பூட்டிய நுகத்தடி! நடுவில் ஏர்க்காலோடு கயிற்றால் கட்டியிருக்கும், இரு முனையிலும் இரண்டு மாடு. ஒரு மாடு ஓரடி முந்தினால் நுகம் சாயும், மற்றது பிந்தும், ஏர் இரண்டின் சராசரியில் போய்க்கொண்டிருக்கும். டிஃபரன்ஷியலின் கணக்கும் அதேதான்: இடது சக்கரத்தின் சுற்று, வலது சக்கரத்தின் சுற்று, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் கூட்டின் சுற்று. கூட்டை அசையாமல் பிடித்தால் சராசரி பூஜ்யம். ஒன்று முன்னே போனால் மற்றது பின்னே போயாக வேண்டும். பட்டறையில் நான் சுற்றி விளையாடியது அந்தச் சராசரியைத்தான்.

ஒரு மாடு படுத்துவிட்டால்? மற்ற மாடு எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அது இழுக்க இழுக்க நுகம் சுழன்று திரும்புமே தவிர ஏர் நகராது. நடுவில் கட்டிய கம்பில் இரு முனை விசையும் சமமாக இருந்தாக வேண்டும். ஒரு முனை பூஜ்யம் என்றால் மறுமுனையும் பூஜ்யம். வண்டியில் மாடு எது? டயர் இல்லை, தரை. சக்கரம் தரையைப் பின்னே தள்ளுகிறது, தரை வண்டியை முன்னே இழுக்கிறது. அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தின் மாடு படுத்துவிட்டது. பாறையில் நிற்கும் மாடு தயாராக இருந்தும் பயனில்லை.

வலுக்குறைந்த மாட்டுக்காகக் கயிற்றை நடுவிலிருந்து சற்றுத் தள்ளிக் கட்டுகிற வழக்கமும் உண்டு. வலுத்த மாட்டின் பக்கம் நெருக்கிக் கட்டினால், இளைத்த மாட்டுக்கு நீளமான கை கிடைக்கும், குறைவாக இழுத்தாலே போதும். நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கிற சில கார்களில் முன்னச்சுக்கு 40, பின்னச்சுக்கு 60 என்று பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் செய்வதும் இதையே. ராகி விதைக்க ஏர் ஓட்டியவர்களுக்கு யாரும் இதற்குச் சூத்திரம் சொல்லித் தரவில்லை.

கணக்காகவும் பார்க்கலாம். கூண்டு, வின்ச், ஆள் எல்லாம் சேர்த்து வண்டி 1,200 கிலோ, சக்கரத்துக்கு 300 கிலோ என்று வைப்போம். பாறையில் உராய்வுக் குணகம் 0.7, வழுக்குச் சேற்றில் 0.1. பின்னச்சின் ஒரு சக்கரம் பாறையில், மற்றது சேற்றில். பாறை 210 கிலோ விசை தரத் தயார், சேறு 30-தான் தரும். டிஃபரன்ஷியல் சமமாக்கிவிடுவதால் கிடைப்பது 30 + 30 = 60. இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டினால் 210 + 30 = 240. நாலு மடங்கு! இன்ஜின் அதே இன்ஜின், டயர் அதே டயர்.

ஃபோர் வீல் லிவரைப் போட்டபோது முன்னச்சும் பின்னச்சும் ஒன்றோடொன்று இறுகிச் சேர்ந்துகொண்டன, உண்மை. ஆனால் இரண்டு அச்சுக்குள்ளும் தனித்தனியாக நுகத்தடி இருக்கிறது. முன்னால் ஒரு மாடு, பின்னால் ஒரு மாடு, குறுக்குவாட்டில் படுத்தால் ஆட்டம் முடிந்தது.

இந்த நுகம் சாயாதபடி எப்படிப் பூட்டுவது? நம் பக்கத்துப் பட்டறைகளில் மலிவான வழி வெல்டிங். ஸ்டார் பினியனையும் சன் கியரையும் சேர்த்துப் பற்றவைத்து அசையாமல் செய்துவிடுவார்கள். சேற்றில் பிரச்சினை இல்லை, சக்கரம் வழுக்கித் தன் கணக்கைத் தானே சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் கொண்டை ஊசிக்கு 4 மீட்டர் வீதம் டயர் கதறும், ஸ்டீயரிங் திரும்ப மறுக்கும். அதனால் அப்படிப்பட்ட வண்டியை லாரியில் ஏற்றித்தான் போட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் மாற்றி அமைத்த வண்டிகளைச் சும்மா விடுவதில்லை. கல்லூரி மாணவர்கள் பாஹா என்ற போட்டிக்காகக் கட்டும் வண்டிகள் பலவற்றில் டிஃபரன்ஷியலே கிடையாது, ஒரே தண்டுதான். சின்ன வண்டி, மண் தரை, எடை மிச்சம்.

எனக்குப் பிடித்தது ஏர் லாக்கர். ஓட்டுநர் பொத்தானை அழுத்துகிறார். சின்ன கம்ப்ரஸரிலிருந்து காற்று போய் ஒரு வளையத்தை நகர்த்துகிறது. அந்த வளையம் ஒரு பக்க சன் கியரை மட்டும் கூட்டோடு கோத்துவிடுகிறது. அவ்வளவுதான். இரண்டு பக்கமும் பூட்ட வேண்டாமா என்று நானும் கேட்டேன். மெக்கானிக் “ஒண்ணு போதும் சார்” என்று மட்டும் சொன்னார். பேருந்தில் கிருஷ்ணகிரி திரும்பும்போது சூளகிரி தாண்டுவதற்குள் விடை வந்துவிட்டது. பழைய சராசரி விதிதான்! இடதும் வலதும் சேர்ந்த சராசரி கூட்டின் வேகம். இடது கூட்டின் வேகத்திலேயே சுற்றுகிறது என்றால், சராசரி தவறாமல் இருக்க வலதுக்கு வேறு வழி இல்லை, அதுவும் அதே வேகம். ஒரு முனையைக் கட்டினால் முழு நுகமும் கட்டுண்டது. முப்பது வருடம் இயற்பியல் எடுத்த எனக்கு இது பேருந்து ஜன்னலோரத்தில் கிடைத்ததில் இப்போதும் மகிழ்ச்சி.

2020-இல் வந்த மஹிந்திரா ‘தார்’ ஜீப்பின் சில மாடல்களில் பொத்தானும் இல்லை. இடது, வலது சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சுற்றைத் தாண்டினால், உள்ளே ஒரு சின்னக் குண்டு சுழல் வேகத்தில் வெளியே விரிந்து கொக்கியில் மாட்டிப் பூட்டிவிடும். நீராவி இன்ஜினுக்கு ஜேம்ஸ் வாட் வைத்த சுழல் குண்டுகளின் பேரப்பிள்ளை.

பூட்டியதும் அடுத்த வினை தொடங்கும். இதுவரை பாதிப் பாதியாகப் போன திருப்புவிசை முழுவதும் ஒரே ஷாஃப்டில் இறங்கலாம். கம்பெனி ஷாஃப்ட் தாங்காது, ‘டப்’ என்று முறியும். ஓசூர் லேத்காரர்கள் ஈஎன் 24 என்ற வலுவான ஸ்டீலில் புதிதாகக் கடைந்து தருகிறார்கள். முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 26 மில்லிமீட்டர் விட்டத்தை 28 ஆக்கினாலே கால் பங்கு அதிக வலு.

இங்கேதான் எனக்குக் கோபம் வரும். போட்டிக்கு முன் பூசணி உடைப்பதிலும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பதிலும் எனக்குச் சண்டை இல்லை, மனத்துக்கு ஒரு தெம்பு. ஆனால் ஷாஃப்ட் மூன்றாவது முறையாக முறிந்தபோது “கண்ணு பட்டுடுச்சு” என்று கறுப்புக் கயிறு கட்டிவிட்டு, முறிந்த துண்டைப் பழைய இரும்புக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துண்டின் முறிந்த முகத்தைப் பார்த்தாலே விஷயம் தெரியும். ஒரு சாக்பீஸை முறுக்கி உடையுங்கள், சாய்வாகத் திருகாணி போல உடையும். ஷாஃப்ட் அப்படி உடைந்திருந்தால் சூடேற்றிக் கடினமாக்கியது அளவு மீறிவிட்டது, சாக்பீஸ் குணம் வந்துவிட்டது. கத்தியால் வெட்டியது போல நேராக இருந்தால் பொருள் நல்லது, சுமைதான் அதிகம். அலை ஒதுங்கிய கரை போல வளைவு வளைவாகக் கோடுகள் இருந்தால் விரிசல் பல நாளாக வளர்ந்திருக்கிறது.

இதைப் படிக்க ஒரு நல்ல உருப்பெருக்கியும் கடினத்தன்மை பார்க்கும் கருவியும் போதும். எங்கள் கல்லூரியில் மாணவர்கள் வண்டி கட்டியபோது அந்தக் கருவிக்கு மூன்று வருடம் எழுதிக் கேட்டோம், வரவில்லை. ஆண்டுவிழாப் பந்தலுக்கு ஒரே நாளில் காசோலை வந்தது. சுற்றிலும் லேத்தும் தொழிற்சாலையுமாக இருக்கிற மாவட்டத்தில், முறிந்த இரும்பைப் பார்த்துச் சொல்ல ஒரு மேசை இல்லாமல் பையன்கள் பெங்களூருக்குப் பார்சல் அனுப்பினார்கள்.

பென்னாகரம் அண்ணனுக்கு: உடனே லாக்கர் வாங்க வேண்டாம். பின்சக்கர டிரம்மில் பிடிக்கிற கைபிரேக் என்றால், அடுத்த தடவை சிக்கும்போது அதை மூன்று நான்கு பல் இழுத்துவிட்டு மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொல்லுங்கள். சும்மா சுற்றும் சக்கரத்துக்குப் பிரேக் ஒரு பொய்ச் சுமை கொடுக்கும், அதற்குச் சமமான முறுக்கு பாறையில் நிற்கும் சக்கரத்துக்கும் போகும். ஆனால் அந்தச் சக்கரத்தையும் அதே பிரேக் பிடித்துக்கொண்டுதானே இருக்கும் என்று கேட்பீர்கள். ஆமாம், அதனால்தான் இது எப்போதும் பலிப்பதில்லை. புதிய கார்களில் கம்ப்யூட்டர் சுற்றுகிற சக்கரத்தை மட்டும் தேடிப் பிடிக்கிறது. அந்தரத்தில் தொங்கும் சக்கரம் பேரிங் உராய்வைத் தவிர வேறெதையும் தாங்குவதில்லை, ஆகவே கைபிரேக்கில் மிஞ்சுவதும் சொற்பம். ஈரச் சேற்றில் இரண்டு சக்கரமும் தரையில் இருந்து, ஒன்று மட்டும் வழுக்கினால் சில நேரம் அந்தச் சொற்பமே நகர்த்தும். ஓடையில் இரண்டு கால் தூக்கிக்கொண்டால் தூக்கிய சக்கரத்தின் அடியில் கல்லை அடுக்குங்கள், படுத்த மாடு எழுந்துகொள்ளும். டிராக்டர்காரர் நம்பரையும் வைத்துக்கொள்ளுங்கள்.