வாத்தியாரின் பட்டம், பிள்ளையின் மதிப்பெண்

நிறையப் படித்த ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளைகள் நன்றாக மதிப்பெண் எடுக்கிறார்கள். ஆனால் அதற்குக் காரணம் ஆசிரியர்தானா? தேர்ந்த ஆசிரியர்கள் வசதியான பள்ளிகளுக்குப் போய்விடுகிறார்கள். அங்கேயும் சூட்டிகையான பிள்ளைகள் உள்ள வகுப்புதான் பெரும்பாலும் அவர்கள் கைக்கு வருகிறது. அப்புறம் யாரால் யாருக்குப் பெருமை என்று எப்படிப் பிரிப்பது?

தொடக்கப் பள்ளியில் போன வருடக் கணக்கு மதிப்பெண்ணையும் இந்த வருடத்தையும் வைத்து, எவ்வளவு ஏறியது என்று பார்த்துவிடலாம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் அது நடக்காது. இந்த வருடம் இயற்கணிதம், அடுத்த வருடம் வடிவியல் என்று பாடமே மாறிவிடும்.

டியூக் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் க்ளாட்ஃபெல்ட்டர், ஹெலன் லாட், ஜேக்கப் விக்டார் மூவரும் வட கரோலினா மாநிலத் தேர்வுகளை வைத்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில் வேறு வழி பிடித்தார்கள். ஒரு மாணவியை இன்னொருத்தியோடு ஒப்பிடாமல், அவளை அவளோடேயே ஒப்பிட்டார்கள். இயற்கணிதத்துக்கு அவளுக்கு அனுபவசாலி, ஆங்கிலத்துக்குப் புதியவர் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய அறிவுக்கூர்மை, வீட்டு வசதி, அம்மாவின் படிப்பு எல்லாம் இரண்டு பாடத்துக்கும் ஒன்றுதான். அவை கழிந்துபோக, மிஞ்சும் வித்தியாசத்தில் ஆசிரியரின் பங்கைத் தேடலாம். இதிலும் ஓட்டை உண்டு. கணக்கில் மட்டும் கெட்டிக்காரியாக இருப்பதாலேயே அவளை நல்ல கணக்கு ஆசிரியரிடம் அனுப்பியிருந்தால் கணிப்பு தடம் புரளும்.

முடிவு என்ன? அனுபவத்தின் பலன் பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே வந்துவிடுகிறது. எடுக்கும் பாடத்தை நடத்தத் தகுதி உண்டு என்ற சான்று பெற்றிருப்பதன் பலன், குறிப்பாகக் கணக்கில், நன்றாகவே தெரிகிறது. பொதுவான முதுகலைப் பட்டத்துக்கோ பெரிய பலன் இல்லை.

பாடச் சான்று ஏன் கணக்கில் உதவுகிறது என்பதற்கு ஜெர்மனியின் கோஆக்டிவ் ஆய்வு நல்ல தடயம் தருகிறது. அதில் தேர்வு எழுதியது கணக்கு ஆசிரியர்கள். ஒரு கேள்வி: (−1) × (−1) = 1 என்பது ஒரு மாணவருக்குப் புரியவில்லை, எத்தனை விதமாக விளக்குவீர்கள்? 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்பது விளக்கமே இல்லை, மனப்பாடம். விஷயம் தெரிந்தவர் 2 × (−1) = −2, 1 × (−1) = −1, 0 × (−1) = 0 என்று எழுதிக் காட்டுவார். விடை ஒவ்வொரு படியிலும் ஒன்று கூடுகிறது, அடுத்து வரவேண்டியது 1. இது புரியாத பிள்ளைக்கு இன்னொரு வழியும் கையில் வைத்திருப்பார்.

இப்படிப் பாடத்தைப் புரியவைக்கத் தெரிந்த ஆசிரியர்களின் வகுப்பில் பத்தாம் வகுப்பு முடிவில் முன்னேற்றம் அதிகம். 181 ஆசிரியர்களை வைத்து 2010-இல் வந்த அந்த ஆய்வில், வெறும் கணித அறிவைவிட இந்தத் திறமைக்கே கூடுதல் பலன். ஆனால் கணிதமே தெரியாமல் இந்தத் திறமை வளர்வதில்லை. பொதுவான முதுகலைப் பட்டம் எதைக் கோட்டைவிடுகிறது என்பது இதில் தெரிகிறது என்பேன்.

வட கரோலினாவில் முதுகலைப் பட்டத்துக்கென்று சுமார் 10 சதவீதம் கூடுதல் சம்பளம் இருந்தது. இனிமேல் பட்டம் வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது என்று 2013-இல் சட்டமன்றம் நிறுத்தியது. தான் பாடம் நடத்தும் வீடியோ, மாணவர்களின் வேலை எல்லாம் அனுப்பி வாங்கும் தேசிய வாரியச் சான்றுக்கான 12 சதவீதத்தில் கை வைக்கவில்லை.