ஆட்டிசத்துக்கு ஆக்ஸிடோசின் ஸ்ப்ரே வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு

போன மாசம் ஒரு அம்மா ஓபிக்கு வந்தாங்க. பையனுக்கு நாலு வயசு, இன்னும் பேச்சு வரல, பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பறதில்ல, ஆட்டிசம்னு வேற இடத்துல சொல்லிட்டாங்களாம். உக்காந்ததும் போன்ல ஒரு மூக்கு ஸ்ப்ரே படத்த காட்டி, "டாக்டர், இது அன்பு ஹார்மோனாம், அடிச்சா பிள்ள முகம் பாத்து பழகுவானாம், செயின அடகு வெச்சாவது வாங்கிடறேன், சரியா வருமா"ன்னு கேட்டாங்க. இப்படி கேக்கறவங்க நிறைய பேர் வர்றதால எழுதறேன்.

ஆக்ஸிடோசின் நமக்கு புது மருந்து இல்லங்க. பிரசவ வலி வரவைக்கவும், குழந்தை பொறந்தப்புறம் ரத்தப்போக்க கட்டுப்படுத்தவும் லேபர் வார்டுல போடறது இதான், மாட்டுக்கு பால் சுரக்க திருட்டுத்தனமா போடற ஊசியும் இதான். கர்ப்பப்பை, மார்பு, மூளைன்னு பல இடத்துல இதுக்கு ரிசப்டர் இருக்கு, ஹார்மோன் அதுல போய் ஒட்டினாத்தான் வேலையே நடக்கும். அந்த ரிசப்டருக்கான ஜீன எடுத்துட்ட எலிங்களுக்கு, பழகின எலியவே அடையாளம் தெரியாம போச்சு. அதனால ஆட்டிசத்துக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குமோன்னு தேடினது நியாயமான தேடல்தான், சின்ன ஸ்டடிகள்ல கொஞ்சம் நம்பிக்கையும் வந்துச்சு.

அப்புறம் அமெரிக்கால பெருசா பண்ணிப் பாத்தாங்க. 3 வயசுலேர்ந்து 17 வயசு வரைக்கும் 290 பிள்ளைங்க, 24 வாரம் ஸ்ப்ரே, பாதி பேருக்கு நிஜ மருந்து, மீதி பேருக்கு மருந்தில்லாத வெறும் ஸ்ப்ரே, யாருக்கு எதுன்னு அப்பா அம்மாவுக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது. 2021ல ரிசல்ட் வந்தப்போ ரெண்டு குரூப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் முன்னேறியிருந்துச்சு. வெறும் ஸ்ப்ரே அடிச்ச பிள்ளைங்களும் முன்னேறியிருக்காங்க பாருங்க, ஏன்னா பிள்ளைங்க வளர்றாங்க, நாமளும் ஆசையோட உத்து கவனிக்கறோம். பக்கத்து வீட்டுக்காரங்க "எங்க பிள்ளைக்கு கேட்டுச்சு"ன்னா அவங்க பொய் சொல்லல, ஆனா அது ஸ்ப்ரேயால வந்ததுன்னு சொல்லவும் முடியாது.

சிலர் ரிசப்டர் ஜீன்ல மாற்றம்னு ரிப்போர்ட்டோட வர்றாங்க. ஆட்டிசத்தோட தொடர்புள்ள ஜீன் நூத்துக்கும் மேல இருக்கு, இந்த ஒண்ண வெச்சு ஸ்ப்ரே முடிவு பண்ண முடியாது. ஆனா டாக்டர் ஃப்ராஜைல் எக்ஸ், மைக்ரோஅரேன்னு ஜீன், குரோமோசோம் பாக்கற டெஸ்ட் எடுக்க சொன்னா எடுங்க, அடுத்த குழந்தைக்கு பிளான் பண்றப்போ உதவும்.

இன்னொண்ணு, மூளை வீக்கம் குறையும்னு விக்கற குர்குமின் கேப்சூல், குர்குமின்னா மஞ்சள்ல இருக்கற ஒரு சத்து. குர்குமின் உடம்புல ஏறறதே கம்மி, அதனால மிளகுல இருக்கற பிப்பரின சேக்கறாங்க, அது மத்த சில மருந்தையும் ரத்தத்துல ஏத்திவிடும். ஆட்டிசத்தோட வலிப்பும் இருக்கற பிள்ளைங்க நிறைய, ஃபெனிடாயின், கார்பமசெபைன் மாதிரி வலிப்பு மருந்து சாப்பிடற பிள்ளைக்கு இத நீங்களா குடுக்காதீங்க. கேப்சூல் சாப்பிட்ட பெரியவங்களுக்கு ஈரல் பாதிச்ச கேஸும் வந்திருக்கு.

அந்த அம்மாகிட்ட காது டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேட்டேன். இல்லையாம், யாரும் சொல்லலையாம். கூப்பிட்டா திரும்பாத பிள்ளைக்கு மொதல்ல பாக்க வேண்டியதே அதுதான, அன்னிக்கே எழுதிக் குடுத்தேன், ஸ்பீச் தெரபிக்கும் சேத்து.