நூற்றுக்கு மூன்றரை வட்டி

கி.பி. 40 வாக்கில் இயேசுவைப் பின்பற்றியவர்கள் ஆயிரம் பேர் இருந்திருக்கலாம். கி.பி. 300-இல் ரோமப் பேரரசின் ஆறு கோடி மக்களில் சுமார் 60 லட்சம் பேர் கிறிஸ்தவர்கள். இரண்டும் உத்தேசக் கணக்குதான். அன்று யாரும் தலை எண்ணி வைக்கவில்லை. இருந்தாலும், ஊர் ஊராகத் திரண்டு மதம் மாறியிருந்தால்தான் இது நடந்திருக்கும் என்று தோன்றுகிறதல்லவா?

அமெரிக்கச் சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்தாண்டுக்கு 40 சதவீத வளர்ச்சியே போதும். அதாவது, நூறு பேர் உள்ள சபையில் ஆண்டுக்கு மூன்று நான்கு பேர் கூடினால் சரி. கந்துவட்டிக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் இது வட்டிக்கு வட்டி: கி.பி. 100-இல் 7,500 பேர், 200-இல் 2.18 லட்சம், 250-இல் 11.7 லட்சம், 300-இல் 63 லட்சம். நெடுங்காலம் கண்ணுக்கே தெரியாமல் கிடந்தது, கடைசி ஐம்பது ஆண்டில் ஐந்து மடங்காகிறது. 313-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் வழிபாட்டுரிமை தந்ததால்தான் கிறிஸ்தவம் பரவியது என்பார்கள். என் கணிப்பில், அவர் ஏறியது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டியில்.

சரி, அந்த மூன்று நான்கு பேர் யார்? 1960-களில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில், கொரியாவிலிருந்து வந்திருந்த ஒரு புதிய மதக்குழுவை ஸ்டார்க்கும் ஜான் லாஃப்லேண்டும் கூடவே இருந்து கவனித்தார்கள். சேர்ந்தவர்களுக்கு முதலில் வாய்த்தது கொள்கையல்ல, உள்ளே ஒரு நண்பரோ உறவினரோ. கொள்கை பிடித்திருந்தும், வெளியே உறவுக்கட்டு பலமாக இருந்தவர்கள் சேரவில்லை. சேர்ந்தவர்களோ பிற்பாடு, கொள்கைதான் தங்களை இழுத்தது என்றார்கள்!

பைபிளிலேயே இதன் தடம் உண்டு. பிலிப்பி நகரில் இரத்தாம்பரம் எனும் விலையுயர்ந்த ஊதாத் துணி விற்ற லீதியாள் தனியாக அல்ல, தன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெறுகிறாள். கொரிந்து நகரில், ஊர் ஊராகப் போய் மதம் பரப்பிய பவுல் தங்கியது, தன்னைப்போலவே கூடாரம் செய்யும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதி வீட்டில். பட்டறையும் அடுக்களையும்தான் பாதை.

இதில் கொள்ளைநோயின் பங்கு விசித்திரமானது. கி.பி. 165-இலும் 250 வாக்கிலும் பேரரசைப் பெருநோய்கள் வாட்டின. நோயாளியைக் கைவிட்டு ஓடியவர்கள் பலர். கிறிஸ்தவர்கள் தங்கிப் பார்த்துக்கொண்டதாக அலெக்சாந்திரியா ஆயர் டயனீசியஸ் எழுதுகிறார். அவர் அந்தக் கட்சிக்காரர், கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார். ஆனால் மருந்தே இல்லாவிட்டாலும், எழ முடியாதவருக்கு வேளாவேளைக்குத் தண்ணீரும் கஞ்சியும் கிடைத்தால் பிழைப்போர் கூடுவார்கள். நோய் அடங்கியபின் ஒருவர் எண்ணிப் பார்க்கிறார்: சொந்தபந்தத்தில் பாதிப்பேர் இல்லை, மிஞ்சியிருப்பது தண்ணீர் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி. அவரைப் பழைய கோயிலோடு கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. புதிதாக ஒரு கயிறு கையிலேயே இருக்கிறது.

நிஜ வளர்ச்சி இவ்வளவு சீராக இருந்திருக்காது. நகரங்களில் வேகம், கிராமங்களில் மந்தம். இடையிடையே அரசின் ஒடுக்குமுறை வேறு.

இந்தப் பொறிமுறையைச் சரியாகக் கண்டுகொண்டவர் ஒரு எதிரி. 361-இல் பட்டத்துக்கு வந்த பேரரசர் ஜூலியன், பழைய தெய்வங்களை மீட்க விரும்பியவர். 'அவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே' என்று கலாத்தியா மாகாணத்தின் தலைமைப் பூசாரிக்கு எரிச்சலோடு எழுதினார். ஊர்தோறும் சத்திரம் கட்டச் சொல்லி, கோதுமையும் திராட்சை ரசமும் ஒதுக்கினார். 363-இல் பாரசீகப் போரில் ஈட்டி பாய்ந்து இறந்தபோது அவர் ஆண்டது இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. கூட்டு வட்டிக்கு அது போதாது.