அம்மை இல்லை, கரப்பானில் ஏறிய அக்கி

போன கோடையில் நாலு வயதுப் பையன் ஒருவனைத் தூக்கி வந்தார் அவன் அம்மா. முகமெல்லாம் காய்ந்த மஞ்சள் பூச்சு, இடுப்பில் வேப்பிலைக் கொத்து. "அம்மை போட்டு நாலு நாளாச்சு டாக்டர், இன்னும் இறங்கல." அம்மை கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கக் கூடாது என்று வீட்டில் தடுத்தார்களாம்.

ஈரப்பஞ்சால் மஞ்சளைத் துடைத்தேன். கன்னம், கழுத்து, முழங்கை மடிப்பு என்று கைக்குழந்தையிலிருந்து கரப்பான் (எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் நோய்) படிந்த இடங்களிலேயே கொத்துக் கொத்தாகப் புண்கள். பஞ்ச் மிஷினால் குத்தியது போல எல்லாம் ஒரே அளவு, ஒரே வட்டம். சின்னம்மை அப்படி இருக்காது. முளைத்தது, நீர் கோத்தது, பொருக்குத் தட்டியது எல்லாம் கலந்து கிடக்கும். மார்பிலும் முதுகிலும்தான் அதிகம்.

"வீட்ல யாருக்காவது உதட்டுல கொப்புளம் இருந்துச்சா?"

"மாமாவுக்கு இருந்துச்சு. சூட்டுக் கொப்புளம்." மாமா என்றால் அவர் மாமனார். தாத்தா பேரனைக் கொஞ்சாமல் இருப்பாரா?

உதட்டில் அந்தக் கொப்புளத்தைக் கிளப்பும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ்தான் இது; ஊர்ப் பேச்சில் அக்கி. கரப்பான் தோலில் ஏறினால் பெயர் எக்ஸிமா ஹெர்பெட்டிகம். வியன்னாவின் தோல் மருத்துவர் கபோசி 1887-லேயே விவரித்துவிட்டார். நல்ல தோலில் நெல்லளவு இடத்தோடு அடங்கிவிடும். கரப்பான் தோலோ காரை பெயர்ந்த சுவர். தோலின் மேலடுக்கைக் கட்டிக் காக்கும் ஃபிலாகிரின் என்ற புரதம் பலருக்குக் குறைவு. தோல் தானே சுரக்கும் கிருமிக்கொல்லிகளும் அந்த அழற்சியில் வற்றிப்போகும். மிச்ச வேலையைச் சொறியும் நகம் பார்த்துக்கொள்ளும்.

பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றே ஏசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தைத் தொடங்கினோம். காய்ச்சல் இருந்ததால் ஊசி வழியாக. சீழும் வைத்திருந்தது, அதற்கு ஆன்டிபயாடிக். இமையோரம் இரண்டு கொப்புளம் இருந்ததால் உடனே கண் டாக்டரிடமும் காட்டினோம். கருவிழியில் பிடித்தால் தழும்பாகிப் பார்வை போகலாம்.

காவி குழைத்து அக்கி எழுதுவதோடு எனக்குச் சண்டை இல்லை, அதில் போகும் நாட்களோடுதான். இன்னொரு கோபமும் உண்டு: 'ஸ்டீராய்டு' என்ற சொல்லுக்குப் பயந்து நாங்கள் எழுதித் தரும் களிம்பை நிறுத்திவிட்டு, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் கிரீமைப் பூசுவது. அதிலும் ஸ்டீராய்டுதான் இருக்கிறது! அடங்காத கரப்பான்தான் இந்த வைரஸுக்குத் திறந்த கதவு. பாலுண்ணியும் இந்தப் பிள்ளைகளுக்கு வரும். அதற்கு இவ்வளவு அவசரம் இல்லை. திடீரென வலி, காய்ச்சல், ஒரே மாதிரிக் கொப்புளங்கள் என்றால் அன்றைக்கே வந்துவிடுங்கள்.

மறுமுறை காட்ட தாத்தாவே தூக்கி வந்தார். துண்டைத் தனியாக்கிவிட்டாராம். "இனிமே முத்தம் குடுக்கலாமா டாக்டர்?"

"இப்போ குடுங்க. அடுத்த தடவை கொப்புளம் வந்தா, பொருக்கு உதிர்ற வரைக்கும் பொறுத்துக்கோங்க."