டேப்பில் கோடு கறுத்துவிட்டால் போதுமா?

ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்று ஒரு கருவி இருக்கிறது. ரத்தக்குழாயைப் பிடித்து ரத்தத்தை நிறுத்தும் இடுக்கி. பார்வைக்குக் கத்தரிக்கோல் போலத்தான் இருக்கும். அது இல்லாத அறுவைசிகிச்சை செட்டை நான் கட்டியதில்லை. அதன் இரண்டு கால்களும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பூட்டிக்கொள்ளும் மூட்டை, விளக்குப் பொருத்திய பூதக்கண்ணாடியின் கீழ் விரித்துப் பார்த்தால், பளபளவென்று இருக்கும் கருவியின் உள்ளே தேநீர்க் கறை போல ஒரு கோடு சில சமயம் தெரியும். காய்ந்த ரத்தமாக இருக்கலாம், துருவாக இருக்கலாம். பென்சில் அழிப்பானால் தேய்த்துப் பார்ப்போம். கறை போய் அடியில் உலோகம் வழவழப்பாக இருந்தால் மீண்டும் கழுவலாம். அடியில் குழி விழுந்திருந்தால் அது துரு. அந்தக் கருவி இனி தியேட்டருக்குப் போகாது.

நான் 17 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். எங்கள் பிரிவை சி.எஸ்.எஸ்.டி. என்பார்கள். மருத்துவமனை முழுவதற்கும் வேண்டிய அறுவைக் கருவிகளையும் துணிகளையும் கழுவி, சரிபார்த்து, கட்டி, கிருமியில்லாமல் ஆக்கித் திருப்பி அனுப்புகிற இடம். தியேட்டருக்கு அடியிலோ பின்புறமோ இருக்கும். நோயாளிகள் எங்களைப் பார்க்க வாய்ப்பில்லை. எந்த டாக்டர், எவ்வளவு செலவு, எத்தனை நாள் தங்கவேண்டும் என்று எல்லாவற்றையும் விசாரிக்கும் குடும்பத்தினர், வயிற்றுக்குள் போகும் கருவியை யார், எப்படிக் கழுவினார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. அதைக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அழுத்தமேற்றிய நீராவியில் கிருமிகளைக் கொல்லும் இயந்திரம்தான் ஆட்டோகிளேவ். அதற்குள் போகும் பொட்டலத்தின் மேல் ஒரு டேப் ஒட்டுவோம். உள்ளே போகும்போது அதன் கோடுகள் வெளிறியிருக்கும், வெளியே வரும்போது கறுத்திருக்கும். புதிதாகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "இது ஸ்டெரைல்தானா?" என்று கேட்டால், டேப்பைக் காட்டி "ஆமாம் சார்" என்கிறார்கள். அந்தக் கோட்டுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்தப் பொட்டலம் இயந்திரத்துக்குள் போய்வந்திருக்கிறது. நடுவில் கிடக்கும் கருவிவரை நீராவி போய்ச் சேர்ந்ததா, வேண்டிய நேரம் நின்றதா என்பதை அது சொல்லாது. அதற்குப் பொட்டலத்தின் உள்ளேயே இன்னோர் இண்டிகேட்டர் அட்டை வைக்கவேண்டும். அதற்கும் மேலான சாட்சி ஒன்று உண்டு. ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள், அதாவது வித்துகள், சிறு குப்பியில் வரும். வெப்பத்தைத் தாங்குவதில் அவை படு கெட்டி. ஒரு தடவை இயந்திரத்தில் ஏற்றும் பொட்டலங்கள் மொத்தத்தையும் லோடு என்போம். லோடோடு சேர்த்து அந்தக் குப்பியையும் உள்ளே வைத்து எடுத்து, பிறகு 55 முதல் 60 டிகிரி சூட்டில் வைத்து, ஏதாவது வளர்கிறதா என்று பார்ப்போம். நாங்கள் வாங்கும் குப்பியில் ஊதா நிறம் மஞ்சளாக மாறினால் வித்து பிழைத்துவிட்டது என்று பொருள். அந்த லோடில் வெந்த அத்தனை செட்டையும் வார்டு வார்டாகத் தேடித் திரும்ப வாங்கவேண்டும்.

வெந்நீரில் கொதிக்கவைத்தால் போதாதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். போதாது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். டெட்டனஸ் போன்ற கிருமிகளின் வித்துகள் அந்தச் சூட்டைத் தாங்கிக் கிடக்கும். 1879இல் லூயி பாஸ்டரோடு பணியாற்றிய சார்லஸ் ஷாம்பர்லான் உருவாக்கிய ஆட்டோகிளேவ் இந்த வரம்பைத்தான் உடைத்தது. அழுத்தத்தில் நீராவியின் சூடு 121 டிகிரிக்கு ஏறுகிறது. அந்தச் சூட்டில் குறைந்தது 15 நிமிடம், சுற்றிக் கட்டிய செட் என்றால் 30 நிமிடம் வரை. வேக்குவம் உள்ள இயந்திரத்தில் 134 டிகிரியில் 3, 4 நிமிடமே போதும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குக்கரை அடுப்பில் ஏற்றியதும் வெயிட் போடமாட்டார்கள். ஆவி சீராகப் பீறிட்டு வந்த பிறகுதான் போடுவார்கள். ஏன்? உள்ளே இருக்கும் காற்று முதலில் வெளியேறவேண்டும். காற்றும் நீராவியும் கலந்து நின்றால், முள் காட்டும் அழுத்தம் சரியாக இருக்கும், சூடு மட்டும் குறைந்திருக்கும். ஆட்டோகிளேவிலும் எதிரி இந்தக் காற்றுதான். துணி மடிப்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் ஒளிந்துகொண்டு நீராவியை நெருங்கவிடாது. 1963இல் ஜே. எச். போவி, ஜே. டிக் ஆகிய இருவர் இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வகுத்தார்கள். இன்றும் போவி-டிக் சோதனை என்றே பெயர். காலையில் முதல் வேலை இதுதான். காலி இயந்திரத்தில் சோதனைப் பொட்டலம் ஒன்றை மட்டும் வைத்து, 134 டிகிரியில் மூன்றரை நிமிடம் ஓட்டுவோம். பிரித்தால் உள்ளே இருக்கும் தாள் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே நிறமாக மாறியிருக்கவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை அந்தத் தாளைப் பிரித்தேன். ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் வேகாத தோசை போல வெளிறிக் கிடந்தது. இன்னொரு முறை ஓட்டினேன். அதே வட்டம். கதவு கேஸ்கெட்டில் கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்ததைப் பிறகுதான் பொறியாளர் கண்டுபிடித்தார். அன்று ஏழு மணிக்கு முதல் நோயாளி மேசைக்கு வந்தாயிற்று. மருத்துவமனை மேலாளர் போனில், "நேற்றுவரை இதே இயந்திரம்தானே ஓடியது?" என்றார். ஆமாம், நேற்றுவரை. மற்றோர் இயந்திரத்தில் சோதனை முடித்து, அவசரமான செட்டுகளை மட்டும் வரிசைப்படுத்தி அனுப்பினேன். ஐந்து சிகிச்சைகள் தள்ளிப்போயின. இரண்டு நாள் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மறுபடியும் அப்படியொரு தாளைப் பார்த்தால் மறுபடியும் அதையேதான் செய்வேன்.

ஆனாலும் இந்த இயந்திரம் எல்லாம் இரண்டாம் கட்டம். என்னைக் கேட்டால், எங்கள் வேலையின் உயிர் கழுவும் தொட்டியில்தான் இருக்கிறது. அழுக்கு ஒட்டியிருக்கும் கருவியை எத்தனை டிகிரியில் வேகவைத்தாலும் அதை ஸ்டெரைல் என்று எழுதிக்கொடுக்க முடியாது. காய்ந்த ரத்தம் கிருமிக்குப் போர்வை. இந்த இடத்தில் தியேட்டர் சிஸ்டர்களிடம் சில வேண்டுகோள்கள் உண்டு. முட்டை ஊற்றிய பாத்திரத்தை வெந்நீரில் கழுவினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், வெந்து பிடித்துக்கொள்ளும். ரத்தமும் புரதம்தான். முதல் அலசல் குளிர்ந்த நீரில் இருக்கட்டும். கருவிகளை சலைனில் ஊறப்போடாதீர்கள். உப்பு, எஃகை ஊசி முனை அளவுக் குழிகளாக அரித்துவிடும், பிறகு அந்தக் குழிகளே அழுக்கின் கூடு. சிகிச்சை நடக்கும்போதே ஸ்டெரைல் வாட்டர் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். முடிந்ததும் மூட்டுகளைத் திறந்து வைத்து, காயாமல் ஈரத்துணி மூடியாவது அனுப்புங்கள். தியேட்டரில் நீங்கள் செலவிடும் இரண்டு நிமிடம், எங்களுக்கு அரைமணி நேரத் தேய்ப்பை மிச்சமாக்கும். அதைவிட, தேய்த்தும் போகாத கறை ஒன்று குறையும்.

லேப்ராஸ்கோப்பி கருவிகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சிறு துளை வழியாக வயிற்றுக்குள் போகும் நீண்ட, மெல்லிய கருவிகள். உள்ளே குழாய், உறை, கம்பி என்று பல பாகங்கள். கழற்றாமல் கழுவினால் கழுவாததற்குச் சமம். பல இடங்களில் ஒரே செட்டை வைத்துக்கொண்டு ஒரு நாளில் நான்கைந்து சிகிச்சை செய்கிறார்கள். இடையில் கிடைக்கும் நேரத்தில் 2 சதவீத குளுட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினிக் கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்து எடுத்துவிடுகிறார்கள். 20 நிமிடத்தில் பெரும்பாலான கிருமிகள் சாகும், வித்துகள் சாகா. அவற்றுக்கு 10 மணி நேரம் வேண்டும். அதோடு முடியவில்லை. ஊறிய கருவியைக் கரைசல் போக அலசவேண்டுமே, அதைக் குழாய்த் தண்ணீரில் அலசினால்? காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான சில மைக்கோபாக்டீரியாக்கள் தண்ணீரில் வாழ்பவை. மேல்நிலைத் தொட்டியிலும் குழாயின் உட்சுவரிலும் படலமாகப் படிந்திருக்கும்.

எங்கள் உறவுக்கார அக்கா ஒருவருக்கு வேறோர் ஊரில் பித்தப்பையை இப்படி எடுத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். தையல் ஆறிவிட்டது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான்காவது வாரம் தொப்புள் அருகே மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி எழும்பியது. பிறகு நீர் வடிந்தது. மாத்திரை கொடுத்தார்கள், ஆறியது போலிருந்து மறுபடி வடிந்தது. "சர்க்கரை இருக்கிறதா?" என்று அவரைத்தான் எல்லோரும் கேட்டார்கள். சீழை வளர்த்துச் சோதித்தபோது மைக்கோபாக்டீரியம் கெலோனே என்று வந்தது. வழக்கமான ஆன்டிபயாடிக்குகள் இதற்குக் கேட்பதில்லை. பல மாதங்கள் மருந்து சாப்பிட்டார். "கருவியை எப்படி ஸ்டெரைல் செய்தார்கள் அக்கா?" என்று நான் கேட்டபோது, "அதையெல்லாம் நாம் கேட்கலாமா தம்பி?" என்றார். லேப்ராஸ்கோப்பி முடிந்து மூன்று, நான்கு வாரம் கழித்துத் துளை போட்ட இடத்தில் கட்டியோ நீர்க்கசிவோ வந்தால், வெறும் தையல் புண் என்று விட்டுவிடாதீர்கள். இந்த வகைக் கிருமிக்கும் சேர்த்துச் சோதிக்கும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

கண் அறுவை சிகிச்சையில் இதற்கு நேர்மாறான ஓர் ஆபத்து இருக்கிறது. அங்கே செத்த கிருமியும் கெடுதல் செய்யும். பாக்டீரியாவின் மேலுறையில் இருக்கும் நச்சுப்பொருள் ஆட்டோகிளேவின் சூட்டில் அழிவதில்லை. கழுவிய சோப்புக் கரைசலின் மிச்சமும் அப்படித்தான். கண்புரை நீக்கும் கருவியின் மெல்லிய குழாய்க்குள் இவை துளியளவு தங்கியிருந்தால், 12 முதல் 48 மணி நேரத்துக்குள் கண்ணின் முன்பகுதி வீங்கிப் பார்வை மங்கும். டாஸ் என்று கண் மருத்துவர்கள் சொல்லும் இந்த அழற்சியில் கிருமித்தொற்றே இருக்காது. ஒரே பட்டியலில் அடுத்தடுத்துப் பலருக்குச் சிகிச்சை நடக்கும் இடங்களில், ஒரு குழாயைச் சரியாக அலசாதது ஒருவரோடு நிற்காது. அதனால் கண் கருவிகளைப் பயன்படுத்திய உடனே அலசுகிறோம். கடைசி அலசல் சுத்திகரித்த நீரில்தான்.

ஈரப் பொட்டலம் பற்றியும் சொல்லியாகவேண்டும். இயந்திரம் ஒரு சுற்று ஓடுவதை சைக்கிள் என்போம். சைக்கிள் முடிந்ததும் செட் கொதிக்கும் சூட்டில் இருக்கும். அரைமணியாவது ராக்கிலேயே ஆறவேண்டும். அவசரப்பட்டு எடுத்துக் குளிர்ந்த எஃகு மேசையில் வைத்தால் அடியில் நீர் கோத்துக்கொள்ளும். நனைந்த துணி வழியே வெளிக்கிருமி உள்ளே ஏறிவிடும். டேப் கறுப்பாகத்தான் இருக்கும், அட்டையும் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தச் செட்டைப் பிரித்து, துணி மாற்றி, முதலிலிருந்து மறுபடி ஓட்டவேண்டும். "கொஞ்சம் ஈரம்தானே அண்ணா" என்று கெஞ்சிய சிஸ்டர்கள் உண்டு. அவர்கள்மேல் கோபமில்லை, மேலே நின்றுகொண்டு அவர்களை விரட்டுகிறார்கள். கருவிகள் போதுமான அளவு வாங்கப்படாததுதான் இதன் வேர். நாளைக்கு ஆறு சிசேரியன் என்றால் மூன்று செட்டை வைத்துக்கொண்டு எங்களை ஓடச்சொல்வது நியாயமில்லை.

இந்த வேலை செய்கிறவர்களின் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அழுக்கு ட்ரேக்குள் கத்தியின் பிளேடைக் கழற்றாமல் அனுப்பிவிடுவார்கள். கையுறையைத் தாண்டி என் இடது கட்டைவிரலில் இறங்கிய வடு இன்னும் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும். அதற்கான தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். ஒப்பந்தத்தில் சேரும் பல பிள்ளைகள் ஒரு தவணைகூடப் போடாமல் தொட்டியில் கைவைக்கிறார்கள். தடுப்பூசி போட்டுத்தான் அவர்களைக் கழுவும் அறைக்குள் விடவேண்டும். எத்திலீன் ஆக்சைடு வாயுவில் ஸ்டெரைல் செய்த பொருள்களை, வாயு முழுவதும் வெளியேறும்வரை பல மணி நேரம் காற்றோட்டத்தில் வைத்தே தரவேண்டும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட வாயு அது. அதற்கு முன் யார் கேட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது.

உங்கள் வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை என்றால், முதல் நாளே பணிவாகச் சில கேள்விகள் கேளுங்கள். இங்கே தனி சி.எஸ்.எஸ்.டி. இருக்கிறதா? லேப்ராஸ்கோப்பி என்றால், கருவிகளை ஆட்டோகிளேவிலோ, குறைந்த சூட்டில் வேலை செய்யும் பிளாஸ்மா இயந்திரத்திலோ ஸ்டெரைல் செய்கிறார்களா, கரைசலில் ஊறவைத்து எடுக்கிறார்களா? ஸ்போர் சோதனை செய்கிறார்களா? ஒழுங்காக நடக்கும் மருத்துவமனையில் இதற்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

இன்னொன்றும் கேட்கலாம். ஒவ்வொரு செட்டின் மேலும் ஒரு லேபிள் ஒட்டுகிறோம். எந்த இயந்திரம், அன்றைய எத்தனையாவது சைக்கிள், என்ன தேதி என்பதெல்லாம் அதில் இருக்கும். தியேட்டரில் செட்டைப் பிரித்ததும் அந்த லேபிளை எடுத்து நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டவேண்டும். பின்னாளில் ஏதாவது நேர்ந்தால், எந்த லோடு, அதே லோடில் வேறு யார் யாருக்குக் கருவி போனது என்று தேடிப்போக அது ஒன்றுதான் வழி. உங்கள் கேஸ் ஷீட்டில் அது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் லேபிளில் கீழ்மூலையில் பேனாவால் எழுதிய இரண்டு எழுத்துகள் இருக்கும். அந்தச் செட்டின் ஒவ்வொரு மூட்டையும் விரித்துப் பார்த்துக் கட்டியவரின் பெயரெழுத்துகள் அவை.