வாடகை வீட்டில் வேப்: தடுக்கலாம், அபராதம் போட முடியாது

இங்கிலாந்தில் வீடு வாடகைக்கு எடுக்கும்போது நம்மில் பலர் அக்ரிமென்டில் வாடகையையும் தேதியையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். உள்ளே எங்கோ 'வீட்டுக்குள் வேப் (இ-சிகரெட்) பிடித்தால் 100 பவுண்ட்' என்று ஒரு வரி இருக்கும். பிறகு வீட்டுக்காரர் கேட்டதும், கையெழுத்துப் போட்டாயிற்றே என்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியதே இல்லை.

வீட்டுக்குள் வேப் பிடிக்கக் கூடாது என்று விதி வைக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்த விதி அக்ரிமென்டில் எழுதியிருக்க வேண்டும். 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் நடப்பில் உள்ள புகைத்தடை, அடுக்குமாடிக் கட்டடங்களின் பொதுப் படிக்கட்டு வரை வருகிறது. உங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. அது புகைப்பதைப் பற்றிய சட்டம், வேப்புக்காக எழுதியதல்ல. அதனால் அக்ரிமென்டில் வெறுமனே 'நோ ஸ்மோக்கிங்' என்று மட்டும் இருந்தால், வேப்பும் அதில் அடங்குமா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். நீங்கள் வீட்டை வாடகைக்கு விடுபவர் என்றால் வேப் என்ற சொல்லையே போட்டு எழுதுங்கள். பால்கனியில், தோட்டத்தில் பிடிக்கலாமா என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் பிறகு சண்டை வராது.

சரி, விதியை மீறினால்? 2019 ஜூன் 1 அன்று நடப்புக்கு வந்த வாடகைக் கட்டணச் சட்டப்படி, வாடகைக்கு இருப்பவரிடம் எந்தெந்தப் பணத்தை வாங்கலாம் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. சாவி தொலைந்தால் வாங்கலாம், வாடகை 14 நாளுக்கு மேல் தாமதமானால் வட்டி வாங்கலாம். வேப் அபராதம் அந்தப் பட்டியலில் இல்லை. 'காலி செய்யும்போது கம்பெனி வைத்துச் சுத்தம் செய்ய இவ்வளவு' என்று முன்கூட்டியே கட்டணம் போடுவதற்கும் இடமில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது. வாங்கியவர்மீது உங்கள் பகுதி கவுன்சிலில் (உள்ளாட்சி அமைப்பில்) புகார் கொடுக்கலாம்; முதல் தடவைக்கே 5,000 பவுண்ட் வரை தண்டம் விதிக்க முடியும்.

அதற்காக வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. வேப் ஆவி கண்ணாடியிலும் சுவரிலும் பிசுபிசுப்பாகப் படியும், திரைச்சீலையில் வாசனை தங்கும். உண்மையில் ஆன செலவை டெபாசிட்டிலிருந்து கேட்கலாம். ஆனால் நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். குடிவரும்போது எடுத்த இன்வென்டரியும் (வீட்டிலுள்ள பொருட்களையும் அவற்றின் நிலையையும் குறித்த பட்டியல்) படங்களும் இல்லையென்றால் அவர் பக்கம் பலவீனமாகிவிடும். சாதாரணத் தேய்மானத்துக்குப் பணம் பிடிக்க முடியாது. ஐந்து வருடத்துக்கு முன்பு அடித்த பெயிண்டுக்குப் புதுப் பெயிண்டின் முழு விலையையும் உங்கள் தலையில் கட்ட முடியாது. ஒத்துப்போகவில்லையா, டெபாசிட் பதிவாகியிருக்கும், அரசு அங்கீகரித்த டெபாசிட் பாதுகாப்புத் திட்டத்திலேயே இலவசமாகத் தகராறைத் தீர்த்துவைப்பார்கள். டெபாசிட் வாங்கி 30 நாளுக்குள் அதை அந்தத் திட்டத்தில் பதிவு செய்யாத வீட்டுக்காரர், டெபாசிட்டைப்போல் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை உங்களுக்குக் கொடுக்க நேரிடும்.

வீட்டைவிட்டு வெளியேற்றுவதும் அவ்வளவு சுலபமில்லை. ஒப்பந்த மீறலைக் காரணம் காட்டி நீதிமன்றம் போகலாம், ஆனால் வெளியேற்றுவது நியாயம்தானா என்று நீதிபதி பார்ப்பார்.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஊர்க்காரர் ஒருவர் தன் குடும்பத்தோடு இருக்கும் வீட்டில் ஓர் அறை எடுத்து, சமையலறையைப் பகிர்ந்துகொண்டு இருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் லாட்ஜர். அபராதத் தடை உங்களுக்கும் பொருந்தும். டெபாசிட்டைப் பதிவு செய்யும் கட்டாயம் மட்டும் அவருக்கு இல்லை. நியாயமான அவகாசம் கொடுத்து, நீதிமன்ற உத்தரவு இல்லாமலே போகச் சொல்லவும் முடியும். அதனால் அறைக்குள் வேப் பிடிக்கலாமா என்பதை வாய்ப்பேச்சோடு விடாமல், குடிபோகும் முன்பே ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.