மூன்று மாத்திரைக்கும் அடங்காத பிரஷர்

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எனக்கு 38 வயது. மூன்று மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் 160/100-க்குக் கீழே வரமாட்டேன் என்கிறது. உப்பைக் குறைத்துவிட்டேன், சேலம் போனால் தட்டுவடை செட்டைக்கூடத் தொடுவதில்லை. ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. பொட்டாசியம் குறைவாம். வேறு காரணம் ஏதும் இருக்குமா?"

இருக்கலாம். இப்படி ஒரு சேர்க்கையைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியை. அதன் வெளியடுக்கில் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. சிறுநீரில் போகவிருக்கும் சோடியத்தை மீட்டுக்கொண்டு, பதிலுக்குப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது அதன் வேலை. சோடியம் ஏறினால் தண்ணீரும் ஏறும், பிரஷரும் ஏறும். பள்ளிப் பாடம்தான்.

அட்ரினலுக்கு உத்தரவு போகும் வழியும் தெரிந்ததே. பிரஷர் இறங்கினால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியை ரத்தத்தில் விடும். அது ஆஞ்சியோடென்சின் என்ற இன்னொரு ஹார்மோன் வழியாக அட்ரினலை முடுக்கும். பிரஷர் ஏறியதும் ரெனின் குறையும், ஆல்டோஸ்டிரோனும் குறைய வேண்டும். சிலருக்குக் குறைவதில்லை. ரெனின் அடிமட்டத்தில் கிடக்க, ஆல்டோஸ்டிரோன் தன்பாட்டுக்குச் சுரந்துகொண்டிருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கான் 1954-இல் 34 வயதுப் பெண் ஒருவரிடம் இதைக் கண்டறிந்தார்.

ஏன் குறைவதில்லை? எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

அட்ரினல் செல்லின் சவ்வில் பொட்டாசியம் மட்டும் போகக்கூடிய வாயில்கள் உண்டு. அவற்றின் வழியே பொட்டாசியம் வெளியே கசிவதால் செல்லின் உட்புறம் எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். அப்படி இருக்கும்வரை செல் சும்மா இருக்கும். ஆஞ்சியோடென்சின் அந்த வாயில்களை அடைத்தால் மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே பாயும், ஹார்மோன் தயாராகும். ஆனால் சோடியம் பொட்டாசியத்தைவிடச் சிறிய அயனி. சல்லடையில் சிறியதுதானே விழவேண்டும்? இங்கே பெரியது போகிறது, சிறியது நிற்கிறது!

காரணம் தண்ணீர். கரைசலில் எந்த அயனியையும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். வாயிலின் குறுகிய பகுதியில் நுழைய அவற்றைக் கழற்றிப்போட வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். அந்தக் குறுகலின் சுவரெல்லாம் ஆக்சிஜன் அணுக்கள். தண்ணீரின் ஆக்சிஜன் பொட்டாசியத்தை எவ்வளவு நெருக்கத்தில் பிடித்திருந்ததோ, இவையும் அதே நெருக்கத்தில் பிடிக்கின்றன. எனவே பொட்டாசியத்துக்கு நஷ்டமில்லை, வழுக்கிக்கொண்டு போய்விடும். சோடியமோ ஒல்லி, எல்லாச் சுவரும் அதற்குச் சரியாக எட்டுவதில்லை. கழற்றிய செலவு ஈடாகாததால் அது வெளியிலேயே நின்றுவிடுகிறது.

1998-இல் அமெரிக்க விஞ்ஞானி ராடரிக் மெக்கின்னன் இந்த அமைப்பை அணு அணுவாகக் காட்டினார். 2003-இல் வேதியியல் நோபல் பெற்றார். 2011-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லிஃப்டன் குழு, ஆல்டோஸ்டிரோன் சுரக்கும் அட்ரினல் கட்டிகள் சிலவற்றில் இதே போன்ற வாயிலின் ஜீனில் ஒற்றை எழுத்து மாறியிருப்பதைக் கண்டது. மாறிய இடம் அந்தக் குறுகலும் அதன் பக்கமும். அமைப்பு குலைந்ததும் சோடியம் உள்ளே வருகிறது. யாரும் உத்தரவிடாமலேயே கால்சியம் பாய்கிறது. மெக்கின்னன் படமெடுத்தது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் வாயிலை. "பாக்டீரியாவின் புரதத்தால் ஏழைக்கு என்ன லாபம்?" என்று ஆராய்ச்சி நிதியை வெட்டுபவர்களை நினைத்தால் எனக்கே பிரஷர் ஏறுகிறது.

பரிசோதனை எளிது. ஒரே சமயத்தில் எடுத்த ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனையும் ரெனினையும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுப்பார்கள். ரெனின் அடங்கிக் கிடந்து விகிதம் எகிறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். இத்தாலியின் டூரினில் குடும்ப மருத்துவர்களிடம் வந்த பிரஷர்காரர்களைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 6 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் நார்மல். பிரஷர் உள்ள எல்லோரையும் சோதிக்கலாம் என்றே அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2025-இல் சொல்லிவிட்டது.

மக்களைத் தேடி மருத்துவம் 2021-இலிருந்து மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் பிரஷர் ஏன் வந்தது என்று பார்க்கவும் யாராவது வரவேண்டாமா? இளவயதுக்காரருக்கும் மூன்று மருந்துக்கு அடங்காதவருக்குமாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பொட்டாசியம் ஒரேயடியாக இறங்கினால் காலையில் படுக்கையைவிட்டு எழவே முடியாமல் கால் விழுந்துபோகும். "முனி அடித்துவிட்டது" என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். அந்த நேரத்தில் இதயத் துடிப்பு தடுமாறினால் உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று. மலையில் எடுத்த ரத்தத்தை 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கொண்டுவருபவர், நல்லெண்ணத்தில் ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவார். கூடாது. குளிரில், ரத்தத்தில் செயலற்றுக் கிடக்கும் முன்ரெனின் ரெனினாக மாறும். எண் கூடும், விகிதம் இறங்கும், நோய் தப்பிவிடும். பிளாஸ்மாவைப் பிரிக்கும்வரை அறை வெப்பம்தான் சரி.

வாசகிக்கு: முதலில் பொட்டாசியத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள், அது குறைந்திருந்தால் ஆல்டோஸ்டிரோனும் குறைத்துக் காட்டும். காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிவிட்டு, சற்று உட்கார்ந்தபின் ரத்தம் கொடுங்கள். அட்டெனலால் வகை பிரஷர் மாத்திரை ரெனினைக் குறைக்கும், ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை கூட்டும். அம்லோடிபினால் பெரிய தொந்தரவில்லை. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், மருத்துவரே மாற்றித் தருவார். நோய் உறுதியானால், ஒரு சுரப்பி மட்டும் காரணமென்றால் அதை லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிடலாம்; இரண்டுமென்றால் ஸ்பைரனோலாக்டோன். ஸ்கேனில் கட்டி தெரிகிறது என்று உடனே ஆபரேஷனுக்குத் தலையாட்டிவிடாதீர்கள். அது சும்மா இருக்கும் கட்டியாகவும், சுரப்பது மறுபக்கமாகவும் இருக்கலாம். இரு பக்க அட்ரினல் சிரைகளிலும் ரத்தம் எடுத்து ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள்.